குறைச்சுக்கலாம், நிறுத்த வேணாம்

முதலில் அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் எனக்கு அதுதான் முதலில் வாயில் வருகிறது.

கோலாலம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பந்தயம். பத்து கிலோமீட்டர். பாதி வழியில் அவருடைய வலது சப்பாத்தின் அடிப்பாகம் அப்படியே கழன்று சாலையில் கிடந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்த சப்பாத்து அப்படித்தான். பார்க்கப் புதிதாக இருக்கும், பசை செத்துப்போயிருக்கும். நான் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நல்ல காரணம் கிடைத்துவிட்டது, இனி ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து, நன்றாக இருந்த இடது சப்பாத்தையும் கழற்றினார்.

"அது நல்லாத்தானே இருக்கு, அதை ஏன்க்கா கழட்டுறீங்க?"

"ஒன்னு உயரம், ஒன்னு குட்டைன்னா இடுப்பு பிடிச்சுக்கும் டீச்சர். ரெண்டும் இல்லன்னா சமமா போயிரும்."

"இந்த வெறுங்கால்லயா மிச்ச தூரம் ஓடப் போறீங்க?"

"வேகத்தைக் குறைச்சுக்கலாம். நிறுத்த வேணாம்."

காலுறையோடு எழுந்து போய்விட்டார். சப்பாத்துகள் என் கையில். பந்தயத்தில் எடுத்த புகைப்படங்கள் பிறகு வந்தன. மற்றவர்கள் எல்லாம் கையை உயர்த்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் மட்டும் கைக்கு ஒன்றாக, அந்தச் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு, கோயில் வாசலில் யாரையோ தேடுகிறவள் மாதிரி நிற்கிறேன்.

உண்மையில் நான் டீச்சர் இல்லை. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் பெண் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான். பல தடவை திருத்திப் பார்த்தேன். "கிளார்க்குன்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

அவர் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனை ஓட்டினார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பள்ளியில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. வேன் அக்கா என்றால்தான் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். கட்டையான உடம்பு, தலையில் எப்போதும் ஏதாவது ஒரு பந்தயத்தில் கொடுத்த தொப்பி. ஜன்னல் பக்கம் வெயில் படும் வலது கை மட்டும் இடது கையைவிடக் கறுத்திருக்கும். குரல் பெரிது. வேனுக்கு ஹார்ன் தேவையில்லை என்று எங்கள் தலைமையாசிரியை சொல்வார்.

அவர் இறந்து வருஷம் இரண்டு ஆகப்போகிறது. எதனால் என்று கேட்பவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்கிறேன். மனத்துக்குள் வேறு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். எது கெட்டுப்போனாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, போய்க்கொண்டே இருப்பாரே, அந்தச் சாமர்த்தியம்தான் அவரைக் கொண்டுபோனது. நாங்கள் எல்லாரும் கைதட்டிய சாமர்த்தியம்.

நான் ஓடப் பிறந்தவள் இல்லை. எனக்கு இனிப்பு நீர் வந்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது, தினம் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைப் பள்ளி வாசலில் நின்று காவலாளியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். வேனுக்குள் இருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாமலும் பண்டமாரானில் என் வீட்டு வாசலில் அந்த வேன் நின்றது. "ஏறுங்க டீச்சர், ஏரிக்குப் போலாம்." பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனேன். ஏரிப் பூங்காவில் இவரைப் போல ஒரு கூட்டம் இருந்தது. ஓடி முடித்துப் பக்கத்து மாமாக் கடையில், இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பசியாறிவிட்டுக் கலைவார்கள். அன்று ஒரு சுற்று நடப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. திட்டிக்கொண்டே நடந்தேன். அவர் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடிவந்து, கடக்கும்போதெல்லாம் "இன்னும் திட்டுங்க, நல்லா மூச்சு வரும்" என்றார். அப்படித்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது.

அவர் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் துணிமணியை எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் போனவர், அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று தகவல் அனுப்பினார். அப்போது மகள் படித்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாள் ஒப்பாரி வைக்கவில்லை, சொந்தக்காரர்களைக் கூட்டவில்லை. வேன் ஓட்டும் லைசென்ஸ் எடுக்கப் போய்விட்டார். நான் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது அறையில் இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். ஒரு பாதியில் அவர் துணி. மறு பாதி முழுக்கப் பிள்ளைகள் வேனில் மறந்து விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்கள், மழைக்கோட்டுகள், ஒற்றைக் காலுறைகள், ஒரு புல்லாங்குழல்.

"இந்தப் பக்கம் அவரோட சட்டை இருந்துச்சு. சும்மா காலியா கெடந்தா கண்ணை உறுத்தும்லா. அதான்."

"அப்ப நீங்க அழவே இல்லையாக்கா?"

"அழுதுட்டு ஒக்காந்தா காலையில யாரு ஓட்டுறது?"

அப்போது அது எனக்குப் பெரிய துணிச்சலாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. காலியான இடத்தை ஒரு நாள்கூடக் காலியாக இருக்க விடாத மனுஷி.

கிள்ளானில் கடல் ஏறும் நேரமும் பெரிய மழையும் சேர்ந்து வந்தால் தண்ணீர் எங்கே போகும், வீட்டுக்குள்தான் வரும். ஒரு முறை அவர் வீட்டில் முழங்கால் அளவு வந்தது. வேனுக்குள்ளும் தண்ணீர். ஏரியும் பூங்காவும் ஒன்றாகிவிட்டன. வேன் பட்டறையில் கிடந்த அந்த வாரம் கூட்டாளிகளிடம் பேசிப் பிள்ளைகளை மூன்று கார்களில் பிரித்து அனுப்பினார். ஞாயிறு வந்தது. இன்றைக்காவது தூங்கலாம் என்று நான் போர்வையை இழுத்தபோது போன் அடித்தது. ஒரு பேரங்காடியின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்கு வரச்சொன்னார். வண்டிகள் ஏறும் சரிவில், கீழிருந்து மேல்மாடி வரை ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நேப்பாளக் காவலாளி பின்னாலேயே விரட்டிக்கொண்டு வந்து, வண்டி எங்கே என்று மலாயில் கேட்டார். "வண்டிக்குக் காய்ச்சல்" என்று அவரும் மலாயிலேயே சொன்னார். காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை திறக்கும் வரைதான் என்று விட்டுவிட்டார்.

இன்னொரு முறை, மாதக்கணக்கில் பயிற்சி செய்த ஓட்டத்தைப் புகைமூட்டம் வந்து கெடுத்தது. முந்தின நாள் ரத்து என்று செய்தி அனுப்பினார்கள், பதக்கத்தை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும். குழுவில் எல்லாரும் பதக்கத்தோடு படம் எடுத்துப் போட்டார்கள். இவர் வாங்கிவந்து வேனின் முன்பெட்டியில் போட்டு மூடிவிட்டார். வானம் தெளிந்த பிறகு ஒரு ஞாயிறு, ஏரியைச் சுற்றிச் சுற்றி அந்தத் தூரம் முழுவதையும் தனியாக ஓடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தேன். முடித்துவிட்டு மாமாக் கடைக்கு வந்து, பதக்கத்தை என் கையில் கொடுத்துத் தலையைக் குனிந்தார். ரொட்டிச் சானாய் தட்டும் பையன்கள் பார்க்க, எண்ணெய்க் கையோடு அதை அவர் கழுத்தில் போட்டேன். வியர்வையில் நனைந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்வது அப்படி வராது.

நம் நாட்டில் வயிற்றுக்குள் எது வலித்தாலும் ஒரே பெயர்தான், கேஸ்ட்ரிக். பசித்தாலும் கேஸ்ட்ரிக், தின்றாலும் கேஸ்ட்ரிக். இவருக்குச் சாப்பிட்டதும் மேல்வயிற்றில் எரிச்சல் வர ஆரம்பித்தது. மருந்துக்கடையில் வெள்ளைத் தண்ணி மருந்து வாங்கி, வேன் கதவில் சொருகி வைத்துக்கொண்டார். மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சாப்பிடுகிறவர் ஒன்றாக்கினார். பிறகு பாதி. பால் டீயான தே தாரே குடித்தவர், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலில்லாத தே ஓ ஆக்கினார். பிறகு சீனியும் வேண்டாம் என்றார். கடைசியில் வெந்நீர். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து, "பாருங்க, குறைச்சதும் சரியாயிருச்சு" என்பார். அவர் வயிறு அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் அதோடு பேரம் பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருந்தது. அதற்கான வேண்டுதல். விரதத்தைச் சீக்கிரமே தொடங்கிவிட்டார். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். நாங்கள் தப்புச் செய்தது இங்கேதான். விரதத்தில் இருக்கும் ஒரு பெண், அதுவும் ஓடுகிற பெண், மெலிந்தால் யார் பயப்படுவார்கள்? எல்லாரும் வாழ்த்தினோம். பள்ளி வாசலில் அம்மாமார்கள் அவரைச் சுற்றி நின்று ரகசியம் கேட்டார்கள்.

"அக்கா, எப்படிக்கா இவ்வளவு ஸ்லிம் ஆனீங்க? எங்களுக்கும் சொல்லுங்கலா."

"முருகனும் ஓட்டமும் தாம்மா."

பாவாடை நழுவுகிறது என்று இடுப்பில் ஊக்கு குத்தினார். ஒன்று போதாமல் இரண்டு. எனக்குக்கூடப் பொறாமையாக இருந்தது. நான் அத்தனை திட்டிக்கொண்டு நடந்தும் ஒரு கிலோ இறங்கவில்லை. இந்த அம்மாள் வெந்நீரைக் குடித்துவிட்டு இளைக்கிறாரே என்று.

ஓட்டமும் அதே கணக்கில் குறைந்தது. பத்து கிலோமீட்டர் ஓடியவர், விரதம் முடியும் வரை ஐந்து போதும் என்றார். ஐந்து ஒரு சுற்றானது. அப்புறம் ஒரு விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு விளக்குக் கம்பம் நடை. ஒரு ஞாயிறு நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தோம். நான் வேகமாகிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். ஏரியின் அந்தப் பக்கம் போனபோதுதான் அவர் மூச்சு காதில் விழுந்தது. என்னுடைய மூச்சைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

தைப்பூசத்தன்று பத்துமலையில் அவருக்குப் பின்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மஞ்சள் புடவை, தலையில் குடம். மகள் நிறைமாதம், மருமகன் அவளோடு வீட்டில். படிக்கட்டின் ஒவ்வொரு தளத்திலும் அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். குடத்தை இறக்கவில்லை. கண்ணை மூடி நிற்பார், பிறகு ஏறுவார். பக்கத்தில் போனவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மேலே போய்ப் பாலை ஊற்றிவிட்டு இறங்கி வந்தோம். கூட்டத்தைத் தாண்டி ஒரு மரத்தடிக்கு வந்ததும் குனிந்து வாந்தி எடுத்தார். கறுப்பாக, காப்பித் தூள் கரைத்த மாதிரி இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வெறுங்காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார்.

"வெறும் வயிறு, வெயில் வேற. அதான்."

"அது வெயில் இல்லக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரி போறோம். நான் லீவு போடுறேன்."

"நாளைக்கு ஸ்கூல் இருக்குல்ல."

"இருக்கட்டும். ஒரு நாள் நீங்களும் ஓட்டாதீங்க."

"நான் நின்னா பிள்ளைங்க எப்படி வருங்க?"

"கிள்ளான்ல வேற வேனே இல்லையா? யாரையாவது ஓட்டச் சொல்லுங்க."

சிரித்தார். "இருக்கு. எனக்குத் தெரிஞ்சே ஒருத்தர் பக்கத்து ஊரு மேருல ஓட்டுறாரு. ஆனா அவருக்கு என் பிள்ளைங்களைத் தெரியாது டீச்சர். ஒரு பிள்ளைக்கு முன்னாடி சீட்டு இல்லன்னா வாந்தி வரும். ஒன்னு அம்மா கையை விடவே விடாது, நான் எறங்கிப் போய்த் தூக்கணும். ரெண்டு பேர் பக்கத்துல ஒக்காந்தா அடிச்சுக்கும். வேற யார் வேன்லயும் அதுங்க ஏறாதுங்க. ஸ்கூல் லீவு வரட்டும், கண்டிப்பா போறேன்."

ரயிலில் திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போட்டேன். வெள்ளம் வந்தால் மூன்று கார் பிடிக்கத் தெரிந்த மனுஷிக்கு, தனக்காக ஒரு வேன் பிடிக்கத் தெரியவில்லை. அது தெரியாமல் இல்லை. தான் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடும் என்பதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. கணவர் போனார், மகள் கல்யாணமாகிப் போனாள். அதிகாலை இருட்டில் அவருக்காக வாசலில் காத்திருக்க இந்தப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி முடியும்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அம்மாவிடம் அழுதாள். இவர் அவளிடம், மருந்து குடிக்கிறேன், குறைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். இரண்டு வாரத்தில் பேரன் பிறந்தான். அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் அடிபட்டுப் போனது.

விடுமுறை வந்த முதல் நாளே நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கிளினிக்கில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இரண்டாவது தடவை அமுக்கவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இரைப்பையில் தொடங்கிக் கல்லீரல் வரை போயிருந்தது. அதைச் சொன்னது ஒரு இளம் மலாய்க்கார டாக்டர். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மெதுவாகத்தான் கேட்டாள். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்தேன் என்று இவர் மலாயில் சொன்னார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மகள் தன்னுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போவேன். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில், கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடப்பதற்காக மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கும். அதுதான் அவருடைய புதிய ஏரி. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என்னைப் பிடித்தபடி அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே நடப்பார். தலை சுற்றினாலும் கால் தவறாது என்றார். முதலில் கோயில் வரை போனோம். அப்புறம் பூக்கடை வரை. பிறகு லிப்ட் வரை. லிப்டுக்கும் முடியாமல் போனபோது, வரவேற்பறையில் பேரனின் தொட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும்.

"இன்னைக்கு ரெண்டு தடவ ஜன்னல் வரைக்கும் போய்ட்டேன் டீச்சர்," என்பார், பதக்கம் வாங்கியவர் மாதிரி. நானும் கைதட்டுவேன். கைதட்டும்போது அவர் மகள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒரு மழை நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். ஓட்டக் குழுவினர் பந்தயச் சட்டைகளோடு சாவு வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது, இது என்ன விளையாட்டு என்று. பிறகு அவர்களில் ஒருவர் என் தோளைத் தொட்டபோது அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதேன்.

ஆனால் நான் அவரை நினைத்து விழிக்கும் காலைகளில், மனத்தில் வருவது அந்தச் சாவு வீடு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முந்தின ஒரு திங்கட்கிழமை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. அந்த மலாய்க்கார டாக்டர் சொல்லிவிட்ட பிறகும், படுக்கை காலியாகும் வரை என்று சொல்லி அவர் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கே போய்ப் படுத்தாக வேண்டும். நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற ஒன்றைத் தவிர அவர் வேறு எதையும் பேசவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை சீக்கிரமே பள்ளிக்குப் போய் வாசலில் நின்றேன். நிறையப் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள் என்று தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பெற்றோர்கள் போன் செய்து கத்துவார்கள் என்று எதிர்பார்த்துக் கைப்பேசியைக் கையிலேயே பிடித்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. பார்த்தறியாத ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மேருவிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதர் இறங்கிக் கதவைத் திறந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். யாரும் அழவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் என்னிடம் வந்தாள்.

"வேன் ஆன்டி எங்க டீச்சர்?"

"அவங்களுக்கு உடம்பு சரியில்லம்மா."

"ஓ," என்றாள். உள்ளே அவள் தோழி கூப்பிட்டாள். ஓடிவிட்டாள்.

கையில் இருந்த போன் அப்போதுதான் அடித்தது. வார்டிலிருந்து அவர்.

"டீச்சர், பிள்ளைங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கக்கா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"லேட்டா?"

"இல்லக்கா. நேரத்துக்கு வந்துட்டாங்க."

வார்டில் யாரோ தள்ளுவண்டி தள்ளும் சத்தம் கேட்டது. இணைப்பு விட்டுப்போய்விட்டதோ என்று நான் இரண்டு முறை கூப்பிட்டேன்.

"நேத்து சாயந்திரம் அந்த மேரு அண்ணனுக்குப் போன் பண்ணேன் டீச்சர்," என்றார். "ஒரே போன்தான். சரிம்மா, நான் பாத்துக்கிறேன், நீ ஒடம்பைப் பாருன்னு சொல்லிட்டாரு."

"நல்லது தானேக்கா."

"ஒரே ஒரு போன் தான் டீச்சர்."

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் யாரோ என்று நினைத்தேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அழுது நான் கேட்டதே இல்லை. பள்ளி மணி அடித்தது. வெள்ளை வேன் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போனது. காலைச் சபைகூடலுக்கு எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். போனைக் காதில் வைத்தபடி, அவர் அழுது முடிக்கட்டும் என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.